உங்களுக்குத் தெரியுமா? – நல்லாசிரியர் கணக்கு

● ஒரு பிள்ளையின் படிப்பைத் தீர்மானிப்பது வீடா, பள்ளிக்கூடமா? 1966-இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை ‘வீடு’ என்றது. ஐந்து லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களை ஆராய்ந்து எழுதப்பட்ட அறிக்கை அது. குடும்பப் பின்னணியோடு ஒப்பிட்டால், பள்ளிக்குச் செலவிடும் பணமும் கட்டடமும் ஆய்வகமும் சின்ன விஷயங்கள்தான் என்றது. அப்படியானால் ஆசிரியராலும் ஆவது ஒன்றுமில்லை என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

● அந்த முடிவை 1971-இல் அசைத்துப் பார்த்தவர் எரிக் ஹனுஷெக் என்ற பொருளாதார அறிஞர். கலிஃபோர்னியாவில் எந்தப் பிள்ளை எந்த ஆசிரியரிடம் படித்தது என்று தேடி எடுத்தார். ஓட்டப்பந்தயத்தில் யார் முன்னால் நிற்கிறார் என்று பார்க்காமல், கிளம்பிய இடத்திலிருந்து யார் எவ்வளவு தூரம் ஓடினார் என்று அளப்பது போன்ற முறை. ஆசிரியருக்கு ஆசிரியர் வித்தியாசம் இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால், அவர்கள் வாங்கிய முதுகலைப் பட்டத்துக்கும் அந்த வித்தியாசத்துக்கும் சம்பந்தம் இல்லை! பின்னால் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. அனுபவம் மட்டும் கைகொடுக்கிறது, அதுவும் முக்கியமாக முதல் சில ஆண்டுகளில்.

● இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளைப் பற்றியும் ஹனுஷெக் எழுதினார். சிறந்த ஆசிரியரிடம் படித்தவர்கள் ஒரே ஆண்டில் ஒன்றரை ஆண்டுக்கான பாடத்தைக் கற்றிருந்தார்கள். திறன் குறைந்தவரிடம் படித்தவர்களுக்குக் கிடைத்தது அரை ஆண்டுப் பாடம். பிள்ளையின் தவறு எதுவுமே இல்லாமல், ஒரு முழு வகுப்பு இடைவெளி.

● ஆசிரியரின் பலனை அளக்கும் இந்தத் துறையில் அதிகம் பேசப்பட்ட பெயர், பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி. பெற்றோர் தமிழ்நாட்டவர். இவர் பிறந்தது டெல்லியில். ஒன்பது வயதில் அமெரிக்கா போனார். ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்கஃப் ஆகியோருடன் சேர்ந்து, 25 லட்சம் பிள்ளைகளின் பள்ளி மதிப்பெண்களை அவர்கள் பெரியவர்களான பின் கட்டிய வருமான வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார். ஆசிரியர்களில் கடைசி 5 சதவீதத்தில் இருப்பவருக்குப் பதிலாக ஒரு சராசரி ஆசிரியர் ஓராண்டு பாடம் நடத்தினாலே, அந்த ஒரு வகுப்பின் வாழ்நாள் வருமானம் இன்றைய மதிப்பில் சுமார் 2.5 லட்சம் டாலர் கூடும் என்று கணக்கு வந்தது. கல்லூரிக்குப் போகும் வாய்ப்பும் கூடியது. பெண் பிள்ளைகள் பதின்ம வயதில் தாயாவது குறைந்தது.

இதை எப்படி நம்புவது? நல்ல ஆசிரியர் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்கு மாறும் தருணங்களைப் பிடித்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த வகுப்பில் மதிப்பெண் உடனே ஏறியது. விட்டுப் போன வகுப்பில் இறங்கியது. பிள்ளைகள் அதேமாதிரிப் பிள்ளைகள், மாறியவர் ஆசிரியர் மட்டுமே. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

● 2012 ஜனவரியில் அதிபர் ஒபாமா நாடாளுமன்ற உரையில் இந்த 2.5 லட்சம் டாலர் கணக்கையே எடுத்துச் சொன்னார். அடுத்து, ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புச் சட்டங்களை எதிர்த்துக் கலிஃபோர்னியாவில் நடந்த வெர்காரா வழக்கில் செட்டி சாட்சி சொன்னார். 2014-இல் அந்தச் சட்டங்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2016-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

● ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், தன்னிடம் படிக்கும் பிள்ளை நாலாம் வகுப்பில் வாங்கி முடித்த மதிப்பெண்ணை மாற்ற முடியுமா? முடியாது. ஆனால் வட கரோலினா பதிவுகளைச் சோதித்த ஜெஸ்ஸி ராத்ஸ்டீன் என்ற ஆய்வாளருக்கு அப்படியொரு ‘விளைவு’ தெரிந்தது! எந்தப் பிள்ளையை எந்த ஆசிரியரிடம் விடுவது என்பது குலுக்கலில் முடிவாவதில்லை, அதுதான் காரணம். ஒரு ஆசிரியரின் வேலையை, மாணவர்களின் மதிப்பெண் உயர்வு என்ற ஒற்றை எண்ணை வைத்துப் பறிக்கத் துடித்தவர்கள் இந்த 2010 ஆய்வை நிதானமாகப் படித்திருக்க வேண்டும்.

● மழலை வகுப்பில் கற்றது பிற்பாடு என்னதான் ஆகிறது? டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ பரிசோதனையில், 11,500-க்கும் மேற்பட்ட பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியர்களையும் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரித்தார்கள். நல்ல வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளின் மதிப்பெண் உடனே உயர்ந்தது. எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் அந்த உயர்வு ஏறக்குறைய கரைந்துபோனது. வீணாய்ப் போன முயற்சி என்று எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்களுக்கு 27 வயதானபோது வரிப் பதிவுகளைத் திறந்து பார்த்தால், அந்த வித்தியாசம் சம்பளத்தில் மறுபடி தலைகாட்டியது. மதிப்பெண் மறைந்தாலும், முயற்சி செய்யும் பழக்கமும் தானாக முன்வரும் குணமும் வகுப்பில் அடங்கி இருக்கும் தன்மையும் அந்தப் பிள்ளைகளிடம் தங்கியிருந்தன.

● கிராபோ ஜாக்சன் என்ற ஆய்வாளர் இதே வழியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களைப் பார்த்தார். சில ஆசிரியர்கள் மதிப்பெண்ணை உயர்த்துகிறார்கள். சிலர், பிள்ளைகள் மட்டம் போடாமல், தண்டனை வாங்காமல் பள்ளிக்கு வரும்படி செய்கிறார்கள். இந்த இரண்டு வகையினரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். பள்ளிப் படிப்பை முடிக்க வைப்பதில் இரண்டாவது வகையினரின் பங்கே பெரிது. மதிப்பெண்ணை மட்டும் பார்க்கும் எந்தப் பட்டியலிலும் இவர்கள் பெயர் வராது என்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

● சிகாகோவில் தேர்வு முடிவுக்கு அழுத்தம் கூடியபோது, ஆண்டுக்குக் குறைந்தது 4 முதல் 5 சதவீத வகுப்பறைகளில் ஆசிரியரோ பள்ளி நிர்வாகமோ விடைத்தாளில் கைவைத்திருந்ததை பிரையன் ஜேக்கப், ஸ்டீவன் லெவிட் இருவரும் கண்டுபிடித்தார்கள்.

● கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவுடன் ஆசிரியர்களை மதிப்பிட்டு, அதை வைத்தே சம்பளமும் பதவி உயர்வும் தரும் திட்டம் ஒன்று நடந்தது. செலவு 57.5 கோடி டாலர். மாணவர்களின் கல்வியில் முன்னேற்றம் இல்லை என்று 2018-இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் அறிவித்தது.

● இந்தோனேசியாவில் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பானது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணக்கஷ்டம் குறைந்தது. பிள்ளைகளின் கற்றலில் மாற்றம் தென்படவில்லை.

● ராஜஸ்தானின் உதய்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு கேமரா கொடுத்தார்கள். காலையும் மாலையும் ஒரு பிள்ளை ஆசிரியரைப் படம் எடுக்க வேண்டும். தேதியும் நேரமும் படத்தில் பதிவாகும், சம்பளம் அதைப் பொறுத்து வரும். எஸ்தர் டுஃப்லோவும் உடனிருந்தவர்களும் செய்த இந்த ஆய்வில், ஆசிரியர் வராமல் போவது 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. பிள்ளைகளின் தேர்ச்சியும் உயர்ந்தது.

● வட கரோலினாவில், திறமையான புது ஆசிரியர் ஒருவர் பள்ளிக்கு வந்தால் பக்கத்து வகுப்பு மாணவர்களின் மதிப்பெண்ணும் ஏறியது. அங்குள்ள ஆசிரியர் அவரிடம் கற்றுக்கொள்கிறார். அனுபவம் குறைந்தவருக்கே இதில் லாபம் அதிகம்.

● தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளில் நடந்த பரிசோதனை வெகுவாகக் கவனிக்கப்பட வேண்டியது. அவற்றில் பாதி மையங்களில், ஏற்கெனவே இருந்த பணியாளருடன், பாடம் சொல்லிக் கொடுப்பதற்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவரைச் சேர்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் மொழியிலும் கணக்கிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பதிவேடும் பாடமுமாகத் திணறிக் கொண்டிருந்த பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. பிள்ளைகளிடையே வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் சேர்ந்தே குறைந்தன.