பழைய பொருளும் பழுதற்ற வருவாயும்

அன்ஸாரித் தோழர் ஒருவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து உதவி கேட்டார். வீட்டில் எதுவுமே இல்லையா என்று பெருமானார் வினவினார்கள். ஒரு விரிப்பு இருக்கிறது, அதில் ஒரு பகுதியை உடுத்துகிறோம், மறு பகுதியை விரித்துக் கொள்கிறோம், தண்ணீர் அருந்த ஒரு கோப்பையும் இருக்கிறது என்றார் அவர். இரண்டையும் கொண்டுவரச் செய்து, தம் திருக்கரத்தில் ஏந்தியவாறு, இவற்றை வாங்குவோர் யார் என்று பெருமானார் அவையோரைக் கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருவோர் உண்டா என்று மீண்டும் மீண்டும் கேட்கவே, மற்றொருவர் இரண்டு திர்ஹம் கொடுத்து வாங்கிக் கொண்டார். ஒரு திர்ஹம் வீட்டாரின் உணவுக்கு. மறு திர்ஹம் கோடரிக்கு. அக்கோடரிக்குப் பெருமானாரே காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். 15 நாட்கள் விறகு வெட்டி விற்ற அத்தோழர், 10 திர்ஹம் ஈட்டித் திரும்பினார். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் காணப்படும் வரலாறு இது.

யாசகம் கூடாது என்பதற்கு இவ்வரலாற்றை நாம் மிம்பர்களில் எடுத்துக் கூறுவோம். ஏலம் கூறி விற்பது ஆகுமா என்ற பாடத்திலும் இது வரும். ஆனால் விற்கப்பட்டவை இரண்டும் வீட்டில் புழங்கிய பழைய பொருட்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. அவை பெருமானாரின் கரத்தில், எல்லோரும் காணும்படி இருந்தன. விரிப்பின் நைவும் கோப்பையின் தேய்வும் விலை சொன்னவர் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தன.

நம் இல்லங்களில் இன்று புழங்கிக் கழித்த பொருளுக்குப் பஞ்சமில்லை. பிள்ளை வளர்ந்து விட்டதால் பரணேறிய நடைவண்டி, தேர்வு முடிந்து கட்டி வைத்த பாட நூல்கள், வளைகுடாவிலிருந்து வந்தவர் கொண்டு வந்து பிரிக்காமலே வைத்த மிக்ஸி, மகளுக்குச் சீராகக் கொடுத்து அவள் தொடாத தையல் எந்திரம். முன்பெல்லாம் இவை பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகும். இப்போது கைப்பேசியில் படம் பிடித்து, ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக்கின் விற்பனைப் பக்கத்திலோ, ஊர் வாட்ஸ்அப் குழுவிலோ போட்டால், மாலைக்குள் நால்வர் விலை கேட்கிறார்கள். தம் வீட்டுப் பொருளை விற்றுத் தொடங்கியவர்கள், பிறகு அக்கம்பக்கத்தில் குறைந்த விலைக்கு வாங்கி, துடைத்து, சீர் செய்து, ஓரளவு இலாபம் வைத்து விற்கிறார்கள். கடை வாடகை இல்லை, முன்பணம் இல்லை. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத சகோதரிகளுக்கும், இத்தாவில் இருப்போருக்கும்கூட இது கைகொடுக்கிறது. மதரஸா ஊதியம் எவ்வளவு என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; இவ்வணிகத்தில் நானும் சிறிது காலமாக இருக்கிறேன்.

இதில் உள்ள இடர் ஒன்றே ஒன்றுதான். வாங்குபவர் பொருளைக் காண்பதில்லை. நாம் எடுத்த படத்தைக் காண்கிறார். 1985-இல் தீக்கிரையான சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பொருள் வாங்கியவர்கள் கையில் எடுத்துப் புரட்டினார்கள், தட்டினார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். படத்தைத் தட்டிப் பார்க்க முடியாது. எந்தப் பக்கத்தைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது முழுக்க விற்பவர் விருப்பம். தானியக் குவியலுக்குள் பெருமானார் கையை விட்ட வரலாறு அனைவரும் அறிந்ததே. மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்து விட்டது என்றார் வணிகர். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அவ்வணிகர் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள். உலர்ந்ததை மேலே வைத்தார், அவ்வளவுதான். நம் கைப்பேசிப் படங்களில் பெரும்பாலானவை அவ்வேலையைத்தான் செய்கின்றன.

இணைய விற்பனையின் தொடக்கத்தில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஈபே என்று பின்னர் உலகறிந்த ஏலத்தளத்தை 1995 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கியவர் பியர் ஒமிதியார். ஈரானியப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்தவர். அதில் முதன்முதல் விற்பனையானது உடைந்து போன ஒரு லேசர் சுட்டுக்கோல். 14 டாலர் 83 சென்ட்டுக்கு ஒருவர் கேட்டார். வியந்து போன ஒமிதியார், அது உடைந்தது என்பது தெரியும்தானே என்று அவரிடமே விசாரித்தார். உடைந்த சுட்டுக்கோல்களைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று விடை வந்தது. உடைந்தது என்று சொல்லியே விற்றாலும் வாங்க ஆளுண்டு.

இதையெல்லாம் அறிந்திருந்தும் நான் சறுக்கிய கதையைச் சொல்லி விடுகிறேன்.

குடும்பத்தோடு வெளிநாடு செல்லவிருந்த ஒரு வீட்டாரிடம் 2 லிட்டர் மாவரைக்கும் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றை 1,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் மனைவி அதைக் கழுவி, அரிசி போட்டு ஓடவிட்டுப் பார்த்தார். 20 நிமிடம் நன்றாக ஓடியது. பிறகு மோட்டார் சூடேறி, கருகல் வாடை வந்து, தானே நின்று விட்டது. ஆறிய பின் மறுபடி ஓடியது. நான் பளபளக்கத் துடைத்துப் படம் எடுத்துப் போட்டேன். மறுநாள் ஓர் அம்மையார் தம் மகனுடன் இருசக்கர வண்டியில் வந்தார். இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்கத் தொடங்கப் போவதாகச் சொன்னார். கிரைண்டரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தார். குறை ஏதும் உண்டா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. 2,200 ரூபாயை எண்ணிக் கொடுத்து, கிரைண்டரை மடியில் வைத்துக் கொண்டு போனார்.

இரவு மனைவி கேட்டார்: "அந்தச் சூட்டைச் சொன்னீர்களா?" அவர் கேட்கவில்லை என்றேன். மனைவி வேறு எதுவும் பேசவில்லை. அந்த வாரம் மதரஸாவில் மாணவர்களுக்கு நடந்து கொண்டிருந்த பாடம் கிதாபுல் புயூஃ, அதாவது கொடுக்கல் வாங்கல். பொருளில் குறை இருக்கக் கண்டும் அதை எடுத்துரைக்காமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற கருத்துள்ள, உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை மறுநாள் காலை ஒரு மாணவன் வாசித்தான். பொருள் கூறும்படி நான் அவனிடமே விட்டு விட்டேன்.

வகுப்பு முடிந்ததும் அழைத்தேன். மகன் எடுத்து, தாயாரிடம் கொடுத்தார். "ஓடுகிறது பாய். அரை மணி நேரத்தில் நின்று விடுகிறது. எங்கள் தெருவில் கரண்ட் குறைவு, அதனால்தான் போலிருக்கிறது" என்றார் அவர். என் பொருளின் குறைக்குத் தம் வீட்டு மின்சாரத்தைக் குற்றம் சொல்லிக் கொண்டிருந்தார். நான் அறிந்தே மறைத்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. பணத்தைத் திருப்பித் தருகிறேன், அல்லது மோட்டாரைச் சீர் செய்து தருகிறேன், எது விருப்பமோ சொல்லுங்கள் அம்மா என்றேன். மாவு கேட்டு நான்கு வீட்டார் சொல்லி வைத்து விட்டார்கள், எனவே சீர் செய்தே கொடுங்கள் என்றார். மோட்டார் காயில் கட்டும் கடையில் 1,100 ரூபாய் ஆயிற்று. நூறு ரூபாய் மிஞ்சியது. வண்டிப் பெட்ரோலைச் சேர்த்தால் அதுவும் இல்லை.

ஃபிக்ஹு நூல்கள் இதனைக் கியாருல் ஐபு என்று அழைக்கின்றன. விற்பனைக்கு முன்பே இருந்த குறை பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கவோ, அப்படியே வைத்துக் கொள்ளவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. இதை அறியாமல் பலரும் தம் விளம்பரத்தில் ஒரு வரியைச் சேர்த்து விடுகிறார்கள்: உள்ளது உள்ளபடி விற்பனை, பின்னர் பொறுப்பேற்க இயலாது. இவ்வரி நம்மைக் காப்பாற்றுமா? எக்குறைக்கும் பொறுப்பில்லை என்ற நிபந்தனை ஹனஃபி மத்ஹபில் செல்லும். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கால்நடையின் உள்ளே மறைந்து விற்பவரும் அறியாதிருந்த குறைக்கு மட்டுமே அது பொருந்தும். கிரைண்டருக்கும் கைப்பேசிக்கும் பொருந்தாது. எந்த மத்ஹபை எடுத்துக் கொண்டாலும், அறிந்த குறையை மறைத்த பாவத்தை அவ்வரி கழுவி விடாது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) துணி வணிகர். குறையுள்ள ஒரு துணியைச் சுட்டிக் காட்டி, சொல்லி விற்கும்படி தம் பங்காளியிடம் கூறியிருந்தார்கள். அவர் மறந்து விற்று விட்டார், வாங்கியவரையும் தெரியவில்லை. அவ்விற்பனைத் தொகை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்து விட்டார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

காணாத பொருளை வாங்குவது பற்றியும் இரு மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் அவ்விற்பனை கூடும்; ஆனால் கண்ட பின் வேண்டாமென்று சொல்லும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்தில், காணாத பொருளின் விற்பனையே செல்லாது. ஆகவே கூரியரில் அனுப்புவதை நான் தவிர்க்கிறேன். உள்ளூரிலேயே விற்று, வந்து பார்த்த பிறகே பேரத்தை முடிப்பது இரு சாராருக்கும் பொருந்தி வரும். படம் பார்த்துத் தொலைபேசியில் பேசுவதை வாக்குறுதி என்று மட்டும் கொள்ள வேண்டும். முன்பணமும் வாங்குவதில்லை.

பிறர் வீட்டுப் பொருளின் படத்தை அனுப்பி, விலை பேசி, பணம் வந்த பிறகு வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. தம்மிடம் இல்லாததை விற்க வேண்டாம் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்குப் பெருமானார் இட்ட கட்டளைக்கு இது முரணானது. வேண்டுமானால் உரிமையாளரிடம் சொல்லி, இன்ன கூலி என்று பேசித் தரகராக இருக்கலாம், அது ஆகும். இன்னொருவர் அதிக விலைக்குக் கேட்கிறார் என்று இல்லாத ஆளைச் சொல்லி விலையேற்றுவது நஜ்ஷ், அது தடுக்கப்பட்டது. கணவன்மாருக்கும் ஒரு சொல்: மனைவியின் சீர்ப் பாத்திரங்கள் அவருடைய உடைமை. பரணில் கிடக்கிறது என்பதற்காக அவரைக் கேட்காமல் படம் பிடிக்க வேண்டாம்.

கைப்பேசி விற்பனையில் கூடுதல் கவனம் தேவை. வாங்கும்போது பில் கேளுங்கள். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடம் விட்டுத் தட்டி 14422-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது முடக்கப்பட்ட கருவியா என்பது தெரியும். திருட்டுப் பொருளை அறிந்து வாங்குவது மார்க்கத்திலும் நாட்டுச் சட்டத்திலும் குற்றம். விற்கும்போது, கணக்குகளிலிருந்து வெளியேறி, முழுவதையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிய பின்னரே கொடுங்கள். நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அதில் இருந்திருக்கும்; படத்தை மட்டும் ஒவ்வொன்றாக நீக்குவது போதாது, அதை மீட்டெடுப்போர் உண்டு. பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கள் என்று ஒருவர் சொன்னால் பேச்சை முடித்து விடுங்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. இராணுவத்தில் பணியாற்றுவதாகச் சொல்லிப் பொருளைப் பாராமலே பணம் அனுப்ப முந்துவோரிடமும் எச்சரிக்கை வேண்டும். ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும்.

நாம் புழங்கும் பொருளுக்கு ஜகாத் இல்லை. விற்கும் எண்ணத்தோடு வாங்கி வைத்ததற்கு உண்டு. கையிலுள்ள தொகையோடு சேர்த்து நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்தால், அன்றைய சந்தை விலையில் இரண்டரை விழுக்காடு. பரணில் இருப்பதால் மறந்து விடுகிறோம்.

கிரைண்டருக்குப் பிறகு என் விளம்பரங்களின் முறையை மாற்றி விட்டேன். முதல் படம் குறையின் படம். கீறல் இருந்தால் கீறல், விரிசல் இருந்தால் விரிசல், அதன் பக்கத்தில் ஒரு நாணயம், அளவு தெரிவதற்காக. முதல் வரியில் என்ன ஓடாது என்பது. பிறகுதான் என்ன ஓடும் என்பது. விசாரிப்போர் குறைந்தார்கள். ஆனால் வருவோர் வாங்கிக் கொண்டு போகிறார்கள். பேரமும் சுருங்கி விட்டது. மாதம் மூன்று, நான்கு பொருள் விற்கிறது. அந்த அம்மையார் அண்மையில் மகன் வழியாகப் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று கேட்டிருக்கிறார், இன்னும் அமையவில்லை.

அப்போது என் பழைய விற்பனைகளையும் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். கழுத்து உடைந்து, பசை வைத்து ஒட்டிய மேசை மின்விசிறி ஒன்றை, ஒட்டியதைச் சொல்லாமல் 600 ரூபாய்க்கு விற்றிருந்தேன். வாங்கியவர் விடுதியில் தங்கிப் படிக்கும் ஓர் இளைஞர். பெயர் நினைவில்லை, எண்ணையும் அழித்து விட்டேன். தேடியும் கிடைக்காதவரின் தொகையை அவர் பெயரால் தர்மம் செய்யலாம், பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுக்கவும் வேண்டும் என்பது சட்டம். விடுதிக் காவலரிடம் இருமுறை விசாரித்திருக்கிறேன். பிள்ளைகள் விடுமுறை முடிந்து ஜூனில் திரும்புவார்கள் என்றார். அதுவரை அந்த 600 ரூபாய் ஓர் உறையில், என் கிதாபு அலமாரியில் இருக்கிறது.