வாத்துக்குத் தண்ணீர் வாசலிலேயே



கோலா சாவா என்னும் ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. மலாய் மொழியில் ‘கோலா’ என்றால் ஆறு சென்று கலக்கும் இடம். ‘சாவா’ என்றால் நெல்வயல். லிங்கி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்தப் பக்கத்துத் தோட்டங்களில், கொல்லைப்புறத்தில் ஓர் அல்லூறோ குட்டையோ இருப்பது வழக்கம். தண்ணீரைக் கண்டதும் நாலு வாத்து வளர்ப்போமே என்ற ஆசையும் வந்துவிடுகிறது. முட்டைக்கு முட்டை, கறிக்குக் கறி. மலாய்க்காரர்கள் ‘அங்சா’ என்று சொல்லும் பெரிய வாத்தாக இருந்தால் வீட்டுக்குக் காவலும் ஆயிற்று.

வாத்து வளர்க்கும் வீடுகளில் நாம் வழக்கமாக என்ன செய்கிறோம்? விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்போது கூட்டைத் திறந்து அல்லூற்றுப் பக்கம் விரட்டி விடுகிறோம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் ஒன்றிரண்டு குறைகிறது. “மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக் கொடுக்க வேண்டுமா?” என்பது பழமொழி. ஆனால் வாத்துக் குஞ்சு மீன் குஞ்சு அல்ல. அதுதான் இன்று நாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். வாத்து உயிர் வாழ ஆறும் குளமும் தேவையில்லை. அதற்குக் கட்டாயம் வேண்டியது, தலை முழுவதும் முங்கும் அளவுக்கு ஆழமான சுத்தத் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் அது கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் கழுவிக்கொள்கிறது. தீனி தின்னும்போதும் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் தொண்டை அடைத்துக் கொள்ளும். நீந்துவது அதற்கு மகிழ்ச்சி, இறகுக்குச் சுத்தம். பெரிய வாத்துகள் இணை சேருவதற்கும் தண்ணீர் உதவுகிறது. இத்தனைக்கும் ஓரடி, ஒன்றரை அடி ஆழம் போதும்.

வாத்து ஏன் நனைவதில்லை? அதன் வால் தொடங்கும் இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அலகால் அந்த எண்ணெயை எடுத்து இறகு முழுவதும் தடவிக்கொள்கிறது. பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே காட்டலாம். கீழே விழுந்த வாத்திறகு இரண்டை எடுங்கள். ஒன்றைச் சவுக்காரம் போட்டு நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். பிறகு இரண்டின்மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கழுவாத இறகில் சொட்டு முத்துப் போல உருண்டு ஓடும், கழுவியதில் ஊறிக்கொள்ளும். துணி துவைக்கும் இடத்துச் சவுக்காரத் தண்ணீர் ஓடும் அல்லூற்றில் வாத்தை விடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். எண்ணெய் போனால் இறகு நனையும். இறகு நனைந்தால் குளிர் ஏறும். வாத்து கனத்துத் தாழும்.

குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். நாம் பெரும்பாலும் வாத்து முட்டையைக் கோழிக்குத்தான் அடை வைக்கிறோம். கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும். சாதாரண வாத்து முட்டைக்கு 28 நாள். ‘செராத்தி’ வாத்து முட்டைக்கு 35 நாள். தாய் வாத்தின் கீழே பொரித்த குஞ்சு, தாயின் இறகில் உரசி உரசி அதன் எண்ணெயைத் தன்மேல் பூசிக்கொள்கிறது. கோழியின் கீழே பொரித்த குஞ்சுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் தண்ணீரைக் கண்டவுடன் இறங்கிவிடும். கோழி கரையில் நின்று கத்திக்கொண்டிருக்கும். பஞ்சு போன்ற தூவி நனைந்து, உடல் விறைத்து, ஏற வழி தெரியாமல் குஞ்சு மூழ்கிப் போகும். ஆகவே முதல் இரண்டு வாரம் நீந்தவே விட வேண்டாம். குடிக்கும் தட்டிலும் சிறு கற்களைப் போட்டு வையுங்கள். அதன்பின் வெயில் நேரத்தில், நாம் பக்கத்தில் இருக்கும்போது, சில நிமிடம் விடலாம். ஏழெட்டு வாரத்தில் மேல் இறகு முழுவதும் முளைத்துவிடும். அப்போது தாராளமாக நீந்தட்டும்.

சரி, வளர்ந்த வாத்துக்கு அல்லூறு நல்லதுதானா? அதில் என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். செம்பனைக் காட்டில் புல் மருந்து அடித்த பிறகு மழை பெய்தால், மருந்து கரைந்து அல்லூற்றுக்குத்தான் வரும். பாராகுவாட் என்னும் கொடிய மருந்தை நம் நாடு 2002-இல் தடை செய்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முற்றாகத் தடுத்துவிட்டது. ஆனால் மற்ற மருந்துகளும் குடிக்கத் தக்கவை அல்ல. மருந்து வந்த டிரம்மை அறுத்து வாத்துக்குத் தொட்டியாக வைப்பதும் தவறு. எத்தனை முறை கழுவினாலும் அதில் தண்ணீர் வைக்கக்கூடாது.

அடுத்து, வெயில் காலத்தில் தேங்கிய சேற்றில் செத்த மீனும் எலியும் அழுகுகின்றன. அந்த அழுகலில் ஒரு கிருமி நஞ்சை உண்டாக்குகிறது. அங்கே நெளியும் புழுக்களிலும் நஞ்சு சேர்கிறது. அவற்றைத் தின்ற வாத்துக்குக் கால் தளரும். பிறகு கழுத்துத் துவண்டு தொங்கும். தண்ணீரில் இருந்தால் தலை தூக்க முடியாமல் மூழ்கிவிடும். “யாரோ கண் வைத்துவிட்டார்கள்” என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போடுவதில் பயனில்லை. செத்ததைப் பொறுக்கிப் புதைப்பதுதான் பரிகாரம்.

பறவைக் காய்ச்சலையும் மறக்கக்கூடாது. 2004-இல் அது கிளந்தானில் கண்டது. 2014-இல் கேரளத்தில், வயலும் காயலுமாக வாத்து மேய்க்கும் குட்டநாட்டில் பரவி, வாத்துகள் கூட்டங்கூட்டமாக அழிந்தன. நோய் கண்ட பறவையின் எச்சம் பொதுத் தண்ணீரில் கலந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும். வாத்து சில சமயம் நோயைச் சுமந்தபடியே நலமாகத் திரியும். ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்தால் கறி சமைக்காதீர்கள், அல்லூற்றில் வீசாதீர்கள், கால்நடை இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வாத்தை ஓட்டி வரப் போகிறவர்கள் நம் பிள்ளைகள். வாத்து ஓரடித் தண்ணீரிலும் மிதக்கும். ஓராள் ஆழத்திலும் மிதக்கும். அது மிதப்பதைப் பார்த்துப் பிள்ளை ஆழமில்லை என்று நினைத்து இறங்கிவிடும். மலைப்பக்கம் மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே அல்லூறு பெருகும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காற்புண்ணோடு இறங்கினால் எலிக் காய்ச்சலும் வரும். வாத்து போனால் இன்னொன்று வாங்கலாம். பிள்ளைக்கு ஈடு ஏது?

ஆகவே வாத்தைத் தண்ணீருக்கு அனுப்ப வேண்டாம். தண்ணீரை வாத்திடம் கொண்டு வருவோம். 6 அடி நீளம், 4 அடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டிச் சிமெண்டு பூசலாம். அல்லது தார்ப்பாய் விரிக்கலாம். ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். கூரைத் தகரத்தில் வழியும் மழைத் தண்ணீரை அதில் திருப்பி விடலாம். நாலு வாத்துக்கு அகலமான ஒரு பேசினே போதும். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும். இல்லையேல் பலகையில் குறுக்குச் சட்டம் அடித்துச் சாய்த்து வையுங்கள். களைத்த வாத்து ஏறி வர வழி வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் பாய்ச்சுங்கள். அது நல்ல உரம், கொசுவும் பெருகாது. தவழும் குழந்தை உள்ள வீட்டில், இந்த ஓரடித் தண்ணீரும் ஆபத்தே. சுற்றி வேலி கட்டுங்கள். நீச்சல் முடிந்ததும் மூடி வையுங்கள்.

புதிதாக வாங்கிய வாத்தை ஒரு வாரம் கூட்டிலேயே அடைத்து, தினமும் ஒரே நேரத்தில் தகரத்தைத் தட்டித் தீனி வையுங்கள். அதன்பின் தகரச் சத்தம் கேட்டால் தானே ஓடிவரும். வாத்து பெரும்பாலும் விடிவதற்குள் அல்லது காலையிலேயே முட்டையிடும். ஆகவே எட்டு ஒன்பது மணிக்குமுன் திறந்தால் முட்டை வெளியில் போகும். வீட்டில் பெரியவர்கள் இல்லையென்றால் பகலில் அடைப்புக்குள் நிழலும் தண்ணீரும் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்தபின் ஒரு மணி நேரம் நீந்த விடுங்கள். பகலில் உடும்பும் நாயும், இரவில் முசாங்கும் மலைப்பாம்பும் வரும். பொழுது சாயுமுன் எண்ணி அடைத்துக் கம்பி வலையைச் சரிபாருங்கள். வாத்தைத் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள்.

சாயங்காலம் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கும்போது, வாத்துகளை மட்டும் எண்ணாமல் பிள்ளைகளையும் எண்ணிக்கொள்வோம். இரண்டும் சரியாக இருந்தால், அன்றைய பொழுது நல்ல பொழுது.