மூடிய வால்வை நம்பாதீர்கள்

1989 அக்டோபர் 23, திங்கட்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பாசடீனா என்ற ஊர். அங்கிருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் பாலிஎத்திலீன் ஆலையில், உலையோடு இணைந்த குழாய் ஒன்றில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டது. அடிக்கடி வருகிற தொல்லைதான். ஒப்பந்தத் தொழிலாளர்கள் குழாயைப் பிரித்து அடைப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். உலைக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு பால் வால்வு. பகல் ஒரு மணி வாக்கில் அது திறந்திருந்தது. ஏறக்குறைய 39 டன் எரிவாயு பீறிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் வெடித்தது. 23 பேர் மாண்டார்கள்.

வால்வு காற்றழுத்தத்தில் இயங்குவது. திறக்க ஒரு ஹோஸ், மூட ஒரு ஹோஸ். வேலை நடக்கும்போது இரண்டையும் கழற்றி வைக்க வேண்டும், வால்வையும் பூட்ட வேண்டும். விசாரணையில் பார்த்தால் பூட்டு இல்லை. ஹோஸ்கள் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தன. சுவிட்ச் 'மூடு' என்றால் வால்வு திறக்கும்! இதைத் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை முடிப்பது எளிது. இரண்டு ஹோஸுக்கும் ஒரே அளவில் வாய் வைத்த வடிவமைப்பாளரை என்ன செய்வது?

என் கணக்கில் அதைவிடப் பெரிய பிழை, ஒற்றை வால்வை நம்பிக் குழாயைப் பிரித்தது. ஃபிளேஞ்சுகளுக்கு நடுவே பிளைண்ட் தகடு செருகியிருக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டு வால்வுகளை மூடி, இடைப்பட்ட குழாயின் வாயுவைப் பாதுகாப்பாக வெளியேற்றியிருக்க வேண்டும். ஓர் அடைப்புக்கு இவ்வளவு பாடா என்று நம் ஆலைகளிலும் ஷட்டவுன் அவசரத்தில் கேட்பவர்கள் உண்டு.

வால்வு மூடியிருந்தாலும் ஆபத்து முழுதாக நீங்குவதில்லை. பால் வால்வின் வயிற்றுக்குள்ளேயே அழுத்தம் சிக்கியிருக்கும். அளவி பூஜ்யம் காட்டலாம்; அதற்குப் போகும் சிறு குழாய் அடைத்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். அதனால்தான் அனுபவமுள்ள ஃபிட்டர், அழுத்தத்தை இறக்கிய பிறகும் ஃபிளேஞ்சு போல்ட்டுகளை ஒரேயடியாகக் கழற்றமாட்டார். தனக்கு எதிர்ப்பக்கத்து நட்டை முதலில் கொஞ்சம் தளர்த்துவார். மிச்சம் ஏதாவது இருந்தால் முகத்தில் அடிக்காமல் அந்தப் பக்கம் போகும்.

நம்பிக்கை கெடுவது சில சமயம் பொருத்தும்போதே. விலகி நிற்கும் குழாயைப் போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால் ஃபிளேஞ்சு என்றும் இழுவிசையில் நிற்கும், கேஸ்கெட் கசியும். குறுக்குக் குறுக்காக, பல சுற்றில் முறுக்க வேண்டும். செக் வால்வின் உடலில் பொறித்த அம்புக்குறியைப் பார்க்காமல் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது இன்னொரு கெட்ட பழக்கம்: தகடு அதிர்ந்து இருக்கை அரிபடும், அவசரத்தில் எவ்வளவு திருகினாலும் முழுதாக அடைக்காது.

பாசடீனாவில் அன்று குழாயைப் பிரித்தவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம் ஊரிலும் ஷட்டவுன் வேலையில் பெரும்பகுதி அவர்கள் தலையில்தான். வொர்க் பெர்மிட்டில் கையெழுத்திடும் பொறியாளர்களே, ஸ்பேனர் பிடிக்கிறவர் தன் கையாலேயே வால்வைப் பூட்டட்டும். வேலை முடியும்வரை அந்தச் சாவி அவர் பையிலேயே இருக்கட்டும்.