பட்டி மாடும் தோட்ட மண்ணும்

பருத்தித்துறையைச் சூழ்ந்த புலோலி, அல்வாய், துன்னாலை, கரவெட்டி முதலிய ஊர்களில் தோட்டஞ் செய்யும் கமக்காரர் எல்லோரும் தம் மண்ணின் குறையை நன்கு அறிவர். மேலே மெல்லிய மண். கீழே சுண்ணாம்புக் கல். பெய்யும் மழையும் இறைக்கும் நீரும் விரைவாகக் கீழே இறங்கிவிடுகின்றன. இடும் பசளையும் அவற்றுடன் இறங்குகின்றது. ஆண்டுதோறும் சாணமும் குழையும் சேராவிடின் இம்மண் சில போகங்களிலேயே களைத்துவிடும். நம் முன்னோர் பூவரசங் குழையையும் பழைய பனையோலையையும் நிலத்திற் புதைத்து, அதன்மேல் மாடு கட்டி மண்ணைக் காத்தனர். அம்மாட்டைக் கொண்டுவந்து கட்டியவர் பட்டிக்காரர். அவருடைய வாழ்க்கையைத் தோட்டக்காரர் அறிந்திருத்தல் நன்று. அவர் தொழிலை விடுவாராயின் முதலில் இழப்புறுவது தோட்டமேயாகும்.

பட்டிக்காரரின் ஆண்டு நெல்லின் ஆண்டைத் தொடர்ந்தே செல்கின்றது. புரட்டாசி, ஐப்பசியில் காலபோக நெல் விதைக்கப்பட்டதும் வயல்கள் யாவும் அடைபடும். அப்பொழுது மாடுகளை வல்லிபுரத்துக்கு அப்பாலுள்ள மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில், அதற்கும் தெற்கே மருதங்கேணி வரை கடலோரமாக நீளும் தரவைகளிலும் பற்றைக் காடுகளிலும் மேய்க்கின்றனர். மழையில் அங்கே புல் தளிர்க்கும். ஆனால் பள்ளங்களில் நீர் தேங்கும், வாடைக்காற்றும் தடையின்றி வீசும். தை, மாசியில் அறுவடை முடிந்தபின் வயல்கள் திறக்கும். அரிதாளும் வரப்புப் புல்லும் மாடுகளுக்கு உணவாகும் அந்த இரண்டு மாதங்களே பட்டிக்குச் செழிப்பான காலம். பட்டிப்பொங்கல் அப்பருவத்தின் வாயிலில் வருவது பொருத்தமானதே. வைகாசிக்குப் பின் தரவை காய்ந்துவிடும். கிணற்றிலிருந்து நீர் அள்ளித் தொட்டி நிரப்புதலும், பச்சைப் பனையோலையைக் கிழித்துப் போடுதலும், பூவரசு, கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் குழையை வெட்டிச் சுமத்தலும் ஆவணி வரை நாளாந்த வேலைகளாகிவிடும்.

பட்டிக்காரரின் நாள் விடியுமுன் தொடங்குகின்றது. கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டுச் சில பசுக்களிற் பால் கறப்பர். உள்ளூர்ச் சிறு மாடு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு லீற்றர் பாலே தரும். அதிலும் கன்றுக்குப் பங்கு விட்டாக வேண்டும். எனவே பாலை மட்டும் நம்பிப் பட்டி வைத்திருப்பவர் இலர். நாம்பன் விற்ற பணமும் எருவினால் வரும் வருவாயுமே குடும்பத்தைத் தாங்குகின்றன. கொட்டிலிற் கட்டித் தவிடும் புண்ணாக்கும் கொடுத்து வளர்ப்பவருக்குச் சேர்சிக் கலப்பு மாடு மிகுந்த பால் தரும் என்பது உண்மை. ஆயின் தினமும் வெயிலில் நெடுந்தூரம் நடந்து காய்ந்த புல்லைத் தின்று உயிர்வாழும் வன்மை அதற்குக் குறைவு. பட்டி மாட்டைப் ‘பால் இல்லாத மாடு’ என இகழ்வோர், அது எதற்காக வளர்க்கப்படுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி எருவின் கணக்கைக் காண்போம். உள்ளூர் மாடு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 8 கிலோ பச்சைச் சாணம் இடும். அதிற் பாதி இரவில் விழுவதாகக் கொண்டால், 40 மாடுகள் ஓர் இரவில் 160 கிலோ சாணம் தரும். மரக்கறித் தோட்டத்துக்கு ஹெக்டேயருக்கு 10 தொன் மக்கிய சேதனப் பசளை இடுக என்பது பொதுவான சிபாரிசு. 16 பரப்புக் கொண்ட ஓர் ஏக்கருக்கு அது 4 தொன் ஆகும். அதாவது பரப்பொன்றுக்கு 250 கிலோ. பச்சைச் சாணம் மக்கும்போது நிறையிற் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆதலின் 40 மாடுகளை ஒரு பரப்பில் மூன்று இரவுகள் கட்டினால் தேவை ஏறத்தாழ நிறைவுறும். நான்கு பரப்புத் தோட்டத்துக்குப் பன்னிரண்டு இரவுகள் போதும்.

எருவை வண்டியில் ஏற்றி வந்து கொட்டினாலும் இதே பயன் கிடைக்காதோ எனச் சிலர் வினவுவர். கிடைக்காது. மாட்டின் சலத்தில் நைதரசனும் பொட்டாசியமும் மிகுதியாக உள்ளன. மாடு வெளியேற்றும் நைதரசனில் ஏறக்குறையப் பாதி சலத்திலேயே போகின்றது. கொட்டில் நிலத்தில் விழும் சலம் பெரும்பாலும் வீணாகும். தோட்டத்திற் கட்டிய மாட்டின் சலமோ விழுந்த இடத்திலேயே மண்ணிற் சுவறும். ஆனால் காலையில் மாடுகளை அவிழ்த்தபின் அந்நிலத்தை வெயிலிற் காயவிடுவது பெருந்தவறு. நைதரசன் அமோனியா வாயுவாக மாறிக் காற்றிற் கலந்துவிடும். மூக்கில் ஏறும் அந்த நெடியே அதற்குச் சான்று. அன்று காலையிலேயே மேலாகக் கொத்தியோ உழுதோ சாணத்தை மண்ணால் மூடுக. மாடு கட்டும் முளைகளின் வரிசையை ஒவ்வொரு நாளும் மாற்றுக. இல்லையேல் ஓரிடத்தில் எரு மிகுந்து பயிர் தழைத்துச் சாயும், அடுத்த இடத்தில் மஞ்சளிக்கும்.

இன்னொன்றும் உண்டு. தரவையில் தின்ற புல்லின் விதை சாணத்துடன் வந்து தோட்டத்தில் முளைக்கும். நடுகைக்கு இரண்டு வாரம் முன்னரே மாடு கட்டுதலை முடித்து, ஒரு தண்ணீர் இறைத்துக் களையை முளைக்கவிட்டுப் பின் கொத்தி அழித்துவிட்டால் வெங்காயத் தறையில் களை பிடுங்கும் கூலி பெரிதும் மிஞ்சும். வெங்காயம், கீரை போன்றவை நிற்கும் தறையிற் பச்சைச் சாணத்தை இடுதல் ஒருபோதும் ஆகாது.

எரு நல்லது என்பதற்காக அளவின்றி இடலாகாது. குடாநாட்டில் நமக்குள்ள நன்னீர், சுண்ணாம்புக் கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் மெல்லிய படையேயாகும். மிகையான யூரியாவும் மிகையான எருவும் நைத்திரேற்றாக மாறி அந்நீரிற் கலக்கின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் கூடாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்துள்ளமை ஆய்வுகளிற் கண்டறியப்பட்டது. கைக்குழந்தைகளுக்கு அந்நீர் ஆபத்தானது. காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது. ஆகவே கிணற்றடியில் எருக் குவித்தலும், கிணற்றை ஒட்டி மாடு கட்டுதலும் தவிர்க்கற்பாலன. பட்டி எரு இட்ட போகத்தில் யூரியாவின் அளவையும் குறைத்துக்கொள்க.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி சில மாதங்கள் தடைசெய்யப்பட்டபோது, பட்டியை மறந்திருந்தோர் பலரும் எருவுக்கு அலைந்தனர். அன்று தேடியவுடன் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் உண்டு. 2009 வரை நீடித்த போரில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர, மாடுகள் உரிமையாளரின்றிச் சிதறின. எஞ்சிய பட்டிகளுக்கும் மேய்ச்சல் தரை சுருங்கி வருகின்றது, தரவைகள் வேலியடைக்கப்படுகின்றன. இரவும் பகலும் மாட்டின் பின்னே நடக்கும் தொழிலை இளைஞர் விரும்பாமையும் வியப்பன்று.

தோட்டக்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையே பிணக்கு மூளுவது பெரும்பாலும் கட்டாக்காலி மாடுகளாலேயாம். ஓர் இரவில் ஒரு மாடு புகுந்து ஒரு போகத்தின் மிளகாயை அழித்துவிடும் என்பதை மறுப்பார் இலர், அக்கோபம் நியாயமானது. ஆனால் வாலை வெட்டுதலும் காலை முறித்தலும் நியாயமும் அல்ல, சட்டமும் அல்ல. மாடுகளுக்குக் குறியிடுதல், அவற்றைக் கொண்டுசெல்லுதல் ஆகியவற்றை 1958 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க விலங்குகள் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. குறியுள்ள மாடு எவருடையது என்பது தெளிவு. நட்டத்தைப் பேசித் தீர்க்க ஆளும் உண்டு. குறியின்றி மாடுகளை அலையவிடும் பட்டிக்காரர் தம் தொழிலுக்குத் தாமே கேடு சூழ்கின்றார். தோட்டக்காரரும் கதியால் வேலியை மழைக்கு முன் நெருக்கிக் கட்டி, படலையை மாலையிற் சாத்திவிடுதல் வேண்டும்.

நெற்செய்கையாளர் தரக்கூடிய பெருந்துணை வைக்கோலாகும். அறுவடை இயந்திரம் வந்தபின் வைக்கோல் வயலிலே சிதறிக் கிடக்க, பலர் அதைத் தீயிட்டுவிடுகின்றனர். வைகாசி முதல் ஆவணி வரை பட்டி மாடு எலும்புந் தோலுமாக நிற்கையில், மாசியில் எரிந்த அவ்வைக்கோல் எத்துணை மாடுகளைக் காத்திருக்கும்! 200 கிலோ நிறையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 கிலோ உலர் தீன் வேண்டும். பட்டி முழுவதையும் வைக்கோலால் தீற்றுதல் இயலாதெனினும், சினைப் பசுவையும் கறவையையும் அதனாற் காக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துப் படைபடையாகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாது மூடி மூன்று வாரம் வைத்தால் வைக்கோல் மென்மையுற்று எளிதிற் செரிக்கும். திறந்தபின் சிறிது நேரம் ஆறவிட்டே கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசலை மாடு குடித்தால் இறந்துவிடும். வாளியைத் திறந்து வைத்துவிட்டு அப்பாற் செல்லாதீர். வைக்கோலைத் தந்து எருவைப் பெறும் ஒப்பந்தத்தை அறுவடைக்கு முன்னரே பேசி வைத்தல் இரு பகுதியினர்க்கும் நன்று.

மாடு கட்ட அழைக்குமுன் பட்டியில் நோயுண்டா எனக் கேட்டறிக. கால்வாய் நோயும் தொண்டை அடைப்பானும் பழைய பகைகள். மழைக்கு முன்னர்த் தடுப்பூசி ஏற்றுவித்தல் வேண்டும். 2020 இல் வட மாகாணத்திற் பரவிய தோற்கட்டி நோய் ஈயாலும் நுளம்பாலும் உண்ணியாலும் பரவுவது. உடலெங்கும் கட்டி எழுந்த மாட்டைப் பிரித்துக் கட்டிக் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க.

நோயினும் கொடியதாக வந்தது குளிர். 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலின்போது வடக்கிலும் கிழக்கிலும் இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. நோய்க்கிருமி காரணமன்று, குளிர் அதிர்ச்சியே காரணம் எனக் கால்நடை வைத்தியர் முடிவு கண்டனர். திறந்த வெளியில் நனைந்து, வெறும் வயிற்றுடன் காற்றில் நின்ற மாடுகளால் அதைத் தாங்க முடியவில்லை. காலபோகத்தில் வயல்கள் அடைபட்டு மாடுகள் தாழ்ந்த தரவையில் நிற்கும் காலத்திலேயே இத்தகைய புயல்களும் வருகின்றன என்பதை மறத்தலாகாது.

ஆதலின் ஐப்பசி பிறக்குமுன் மேட்டுநிலத்தில் ஓர் அடைப்பிடம் தெரிந்து வைக்க. வடகிழக்குப் பக்கத்தில் பனையோலைத் தட்டியை ஆளுயரத்துக்கு நெருக்கிக் கட்டினாற் காற்றின் வேகம் பெரிதும் தணியும். கன்றுகளுக்கும் சினைப் பசுக்களுக்கும் மாத்திரமேனும் ஒரு கூரை போடுக. நிலத்தில் உலர்ந்த சருகு பரப்பி, மூன்று நாளுக்கான வைக்கோலை நனையாது மூடி வைக்க; வயிறு நிறைந்த மாட்டுக்கே உடற்சூடு நிற்கும். புயல் அறிவிப்புக் கேட்டவுடன் மாடுகளைத் தரவையிலிருந்து அங்கே கொண்டுசேர்த்தல் வேண்டும். மேட்டுநிலம் பெரும்பாலும் தோட்டக்காரரிடமே உள்ளது. தரிசாகக் கிடக்கும் ஒரு துண்டை அச்சில நாட்களுக்குப் பட்டிக்கு விட்டுக்கொடுப்பவருக்கு, மழை விட்டபின் அந்நிலத்தில் எருவும் மிஞ்சும்.