மீதியை எங்கே வைப்பது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிதவியல்)

ஈவு, மீதி என்னும் சொற்களை நான் கற்றது மூன்றாம் வகுப்பில். அந்த மீதி ஒருநாள் சுவர் மூலையில் வந்து நின்று கூலியைப் பிடித்துக்கொள்ளும் என்று கற்றது சென்ற கோடை விடுமுறையில். குளியலறைச் சுவரில் டைல் பதிப்பதற்கு எவ்வாறு திட்டமிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். கல்லூரி மலரில் இதுவா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன்.

என் தந்தையார் கொத்தனார். சேலத்திற்கும் நாமக்கல்லிற்கும் இடைப்பட்ட ஊர்களில் அவர் பதித்த குளியலறைகள் பல. எங்கள் வீட்டிலோ புழக்கடையில் ஒரு கல்லின்மேல் நின்றுதான் குளிக்கிறோம். நீர் சலதாரை வழியே தென்னைக்குப் போகிறது. ஆகவே டைலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பிறர் வீட்டுச் சுவர்களில் அறிந்தவையே. விடுமுறைகளில் அவருக்குச் சித்தாளாகப் போவது வழக்கம்.

இராசிபுரத்திற்கு அருகில் ஒரு புது வீடு. குளியலறை 8 அடி நீளம், 5 அடி அகலம். வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தது கடையில் ‘பன்னிரண்டுக்குப் பதினெட்டு’ என்று சொல்லப்படும் டைல். ஓரடி அகல டைல், எட்டடிச் சுவர். ஆக வரிசைக்கு எட்டு என்று அப்பா வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டார். ஒரு மூலையில் தொடங்கி எட்டு டைலும் பதித்த பிறகு, மறு மூலையில் ஓர் அங்குல இடைவெளி வாயைத் திறந்துகொண்டு நின்றது! அதை அடைக்கக் கீற்றுக் கீற்றாக டைலை அறுத்தோம். அவ்வளவு மெல்லிதாக அறுத்தால் டைல் நிற்குமா? பாதி உடைந்தது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கீற்றுத்தான்.

“எட்டுன்னு நீங்கதானே மேஸ்திரி சொன்னீங்க?” என்றார் வீட்டுக்காரர். இரண்டு நாள் கூலி பிடித்தமாயிற்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்த இரண்டு நாள் கூலி என் பருவக் கட்டணத்திற்கு என்று வைத்திருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்று மாலை டைலை அளந்து பார்த்தேன். அதன் அகலம் 300 மி.மீ. பெட்டியின்மேலும் அவ்வாறே அச்சிட்டிருந்தது. ஓர் அடி என்பதோ 304.8 மி.மீ. கடைக்காரர் நாவில் அடி, தொழிற்சாலையில் மில்லிமீட்டர்! குஜராத்தின் மோர்பியில் சுட்டெடுத்து லாரியில் வருகிற டைலுக்கு நம்மூர் அடிக்கணக்கு தெரியாதன்றோ? எட்டு டைலும், நடுவே 2 மி.மீ. வீதம் ஏழு இடைவெளிகளும் சேர்ந்து 2414 மி.மீ. எட்டடி என்பது 2438 மி.மீ. மீதி 24.

வகுத்தல் தேற்றத்தை எங்கள் பேராசிரியர் நடத்தியபோது, மீதி என்பது வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்கும் என்றார். எவ்வளவு சிறியதாகவும் இருக்கலாம் என்பதில்தான் கொத்தனாரின் துன்பம் இருக்கிறது. அந்த மீதியை எங்கே வைப்பது என்று தேற்றம் சொல்வதில்லை. அதை முதல் டைலைக் கையில் எடுக்கும் முன்பே நாம் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

வழி எளிது. ஒரு முழு டைலை விட்டுக்கொடுக்க வேண்டும். மீதி 24, விட்டுக்கொடுத்த டைலும் அதன் இடைவெளியும் 302, ஆக 326. இதை இரண்டாகப் பகுத்தால் பக்கத்திற்கு 163. இடைவெளி 2 போக, வெட்ட வேண்டிய துண்டு 161 மி.மீ. நடுவில் ஏழு முழு டைல், இரு மூலைகளிலும் பாதிக்குச் சற்று மிகுந்த துண்டு. மீதி எத்துணைச் சிறியதாயினும் இம்முறையில் வரும் துண்டு ஏறக்குறைய அரை டைலுக்குக் குறையாது. ஐந்தடிச் சுவருக்கும் இதே கணக்குத்தான்: 1524 மி.மீ.க்கு ஐந்து டைல் வைத்தால் மீதி 16. ஒன்றை விட்டுக்கொடுத்தால் நான்கு முழு டைலும் இருபுறம் 157 மி.மீ. துண்டுகளும் அமையும். முழு டைல்கள் ஒற்றைப்படை என்றால் சுவரின் நடுக்கோடு டைலின் நடுவில் விழும். இரட்டைப்படை என்றால் இணைப்பில் விழும்.

இதில் செலவு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 161 மி.மீ. துண்டு இரண்டை ஒரு டைலில் வெட்ட முடியாது. வரிசைக்கு ஒன்பது டைல் வேண்டும். ஏழடி உயரச் சுவர் ஒன்றுக்கு நான்கு டைல் கூடுதலாகும். வெட்டி எஞ்சியதைச் சன்னல் ஓரத்திற்கும் கதவின் பின்புறத்திற்கும் பயன்படுத்தலாம். முன்கூட்டிச் சொன்னால் வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வார். பதித்த பின் சொன்னால் சண்டை.

உயரக் கணக்கு வேறு வகை. நீர் ஓடுவதற்காகத் தரையில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலாவது சாய்வு இருக்கும். எட்டடி நீளத்தில் அது 24 மி.மீ. இறக்கம். தரையையே நம்பி முதல் வரிசை வைத்தால் சுவர் முழுதும் சாய்ந்துவிடும். எனவே உச்சியில் முழு டைல் வருமாறு மேலிருந்து கீழ்நோக்கிக் கணக்கிட வேண்டும். ஏழடிக்கு 450 மி.மீ. உயர டைல் நான்கு வரிசை. அடியில் 326 மி.மீ. துண்டு. கீழிருந்து இரண்டாம் வரிசைக்குரிய இடத்தில் டியூப் மட்டம் பார்த்து ஒரு ரீப்பர் கட்டையை அறைந்து, அதன்மேல் பதித்துக்கொண்டு போகவேண்டும். அடி வரிசை கடைசியில். அத்துண்டுகள் மேட்டில் 326, பள்ளத்தில் 350 என்று தரைக்குத் தக்கபடி வெட்டப்படும். அங்கே யார் கண்ணும் போவதில்லை.

ஷவர் இருக்கும் சுவரில் குழாய்க்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுடுநீர், தண்ணீர் இரண்டும் கலக்கும் குழாய்க்கு 150 மி.மீ. இடைவெளியில் இரு துளைகள் வரும். அவை நடுக்கோட்டிற்கு இருபுறமும் 75 மி.மீ. தள்ளி இருந்தால் ஒவ்வொன்றும் ஒரு டைலின் உடம்பில் விழும். குழாய்க்காரர் 75 மி.மீ. நகர்த்தி வைத்துவிட்டால், ஐந்தடிச் சுவரில் ஒரு துளை சரியாக இணைப்பின்மேல் வரும். இரண்டு டைலில் அரைவட்டம் அரைவட்டமாகக் குடைய வேண்டும். உடைவதும் அங்கேதான்.

பதிக்கும் முறையைப் பற்றிச் சிறிது. சுவர் டைல் தன் எடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சும். ஆகவே சிமெண்டில் பதிக்கும் முன் தொட்டியில் குமிழி அடங்கும்வரை ஊறவைப்பார்கள். இல்லாவிடில் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். விட்ரிஃபைடு டைலோ அரை விழுக்காடுகூடக் குடிக்காது. அதற்குத் தனிப் பசை வேண்டும். ஒரு யோசனையும் சொல்வேன்: ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் குளிப்பவர்கள் பளபளக்கும் கறுப்பு டைலை ஷவர் சுவருக்கு எடுக்க வேண்டாம். ஒரே மாதத்தில் வெண்ணிறத் திட்டுகளே தெரியும்.

அடுத்த வேலை மல்லசமுத்திரத்தில், தற்செயலாக அதே எட்டடிச் சுவர். வரைபடத் தாளில் கட்டம் போட்டுக் கொண்டுபோய்ப் பெருமையுடன் நீட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, “பேப்பர்ல செவுரு நேராத்தான் இருக்குங் கண்ணு. குண்டப் போட்டுப் பாரு” என்றார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டோம். அடியில் 2438 இருந்த சுவர் உச்சியில் 2426 ஆக இருந்தது. நான் அடியில் மட்டும் அளந்திருந்தேன்.

“கெட்டுப் போச்சாப்பா?” என்றேன். “இல்ல. நடுக்கோட்டத் தூக்குல வெச்சுக்க” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நடுக்கோடு நேராக இருக்க, 161 மி.மீ. துண்டு மேலே போகப்போக 155 ஆகக் குறைந்தது. ஏழடி உயரத்தில் அந்த ஆறு மில்லிமீட்டரை எவரும் காணவில்லை. பழைய முறையில் 22 மி.மீ. கீற்று வைத்திருந்தால் உச்சியில் 10 ஆகி, ஆப்பு அடித்ததுபோல் நின்றிருக்கும்.

இப்போது மூன்று உயரங்களில் அளக்கிறோம். அவர் அளவு சொல்ல, நான் எழுதுகிறேன். வரும் ஞாயிறு ஆட்டையாம்பட்டியில் ஓர் ஆறடிச் சுவர். ஆறு டைல் வைத்தால் மீதி 19 மி.மீ. ஆகவே ஐந்து முழு டைல், இருபுறமும் 158.