அருகில் நிற்பவரை நோக்கும் தியானம்

ஆனியிலும் ஆடியிலும் சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அதே ஊருக்குத் தனித்திருந்து தவம் செய்தவர்களின் ஊர் என்ற பெயரும் உண்டு. செண்பகாதேவி அருவியை ஒட்டிய குகைகளில் சித்தர்கள் இருந்தார்கள் என்று ஊரார் நம்புகிறார்கள். பேசாநோன்பு இருந்த துறவி ஒருவரின் நினைவாக மௌனசாமி மடம் இன்றும் இருக்கிறது. மனத்தை அடக்க விரும்பியவர்கள் மலையேறினார்கள் என்பது நமக்குப் பழகிய கதை. அப்படி அடங்கிய மனம் மற்றவர் துன்பத்துக்கு இரங்குமா என்பதை மட்டும் நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. இன்று மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் செல்பேசிச் செயலி வரை வந்துவிட்ட விழிப்புணர்வுத் தியானத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தியானம் கருணைக்கு வழிவிடும். ஆனால் கருணையைத் தனியே பழகாதவரிடம் அது தானாக வந்துவிடாது என்பதே என் முடிவு.

வழிவிடும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1973-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் இறையியல் மாணவர்களைச் சோதித்தார்கள். அடுத்த கட்டடத்தில் பேசப் போகும் மாணவரின் வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து முனகுவார். நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்தப்பட்டவர்களில் 10 சதவீதம் பேரே நின்று உதவினார்கள். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர். எல்லோரும் இறைபணிக்குப் படிக்கிற பிள்ளைகள். அவர்களைத் தடுத்தது கெட்ட மனமல்ல, ஓடுகிற மனம். தியானம் முதலில் மாற்றுவது இந்த ஓட்டத்தைத்தான். 2013-ல் பால் காண்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் சிலர் எட்டு வாரம் தியானம் பயின்றார்கள். பிறகு ஒரு காத்திருப்பு அறையில் அவர்கள் உட்கார்ந்திருந்தபோது ஊன்றுகோலோடு ஒரு பெண் வலியில் முனகிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்தார். பக்கத்து நாற்காலிகளில் இருந்த இருவர் கண்டுகொள்ளவில்லை. அவர்கள் ஆய்வாளர்களின் ஆட்கள். தியானம் பயின்றவர்களில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். பயிலாதவர்களில் ஏறக்குறைய 16 சதவீதம் பேரே எழுந்தார்கள்.

மனத்துக்கு நிறைவு தரும் முடிவுதான். ஆனாலும் இதோடு நின்றுவிடக் கூடாது. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மொத்தமே சில பத்துப் பேர். கற்பித்தவரோ பௌத்த மரபில் ஊறிய ஆசிரியர். மூச்சைக் கவனிக்கச் சொல்லிக்கொடுத்தபோது அவர் மரபின் ஈரமும் சேர்ந்தே போயிருக்கும். 2018-ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியவர்கள், தியானத்தால் கருணை கூடுவது நாம் நினைப்பதைவிடக் குறைவு என்றும், தியான ஆசிரியரே ஆய்வாளர்களில் ஒருவராக இருந்த இடங்களில்தான் அது கூடித் தெரிந்தது என்றும் சொன்னார்கள். 2021-ல் வந்த மைக்கேல் பூலின் குழுவினரின் ஆய்வு இன்னும் கூர்மையானது. மற்றவர்களோடு பிணைந்தவராகத் தம்மைக் கருதுகிறவர் சிறிது நேரம் தியானம் செய்தபின் பிறருக்கு உதவுவது கூடுகிறது. தான் தனி என்று கருதுகிறவருக்கு அது குறைகிறது. தியானம், ஏற்கெனவே மனம் சாய்ந்திருக்கும் பக்கத்தை வலுப்படுத்துகிறது போலும். தானியா சிங்கர் தலைமையில் ஜெர்மனியில் ஏறத்தாழ 300 பேரிடம் நடந்த ஒன்பது மாத ஆய்வும் இதற்கு ஒத்துப்போகிறது. கவனப் பயிற்சியை மட்டும் முடித்தபோது தன்னலமற்ற ஈகை கூடவில்லை. பரிவைப் பழக்கும் பயிற்சிக்குப் பின்தான் கூடியது. அந்தப் பயிற்சியில், நாள்தோறும் ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல, இன்னொருவர் குறுக்கிடாமல் கேட்பதும் ஒரு பகுதி.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். குற்றால மலைக்குத் தெற்கே அதே தொடரில் நிற்கும் பொதிகை இதற்கு விடை வைத்திருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங், தெற்கே மலய மலைக்குக் கிழக்கில் போதலகம் என்ற மலையில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதர் உறைவதாக எழுதினார். அது பொதிகையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதரிடம் என்று 11-ஆம் நூற்றாண்டின் வீரசோழியம் சொல்கிறது. யுவான் சுவாங் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு செய்தி. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் மலையடிவாரத்தில் வேண்டிநிற்பவர்களுக்கு அவலோகிதர் ஈசனாகவோ நீறு பூசிய துறவியாகவோ தோன்றித் தேற்றுவாராம். தியானத்தையும் இரக்கத்தையும் பிரிக்காத ஒரு மரபு இந்த மலைக்கு உரியது. பிரித்தது, மன அழுத்தத்துக்கு மருந்தாக மட்டும் தியானத்தை விற்கும் இக்காலம்.

தியானமே இல்லாமல் கருணை வராதா என்றால், தாராளமாக வரும். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் இருக்கும் அமர் சேவா சங்கமே போதும். 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் அதைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்கு வைத்தார். மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கும் மறுவாழ்வுக்கும் அது செய்த பணிக்காக 2020-ல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒருவருடைய இரக்கம் அவரோடு முடிந்துவிடாமல் இருக்க இப்படி ஒரு அமைப்பு வேண்டும். அதைக் கண்மூடி அமர்ந்து கட்ட முடியாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறு. கீழப்பாவூர், ஆலங்குளம் பக்கம் நாளெல்லாம் குனிந்து பீடி சுற்றும் பெண்களிடம் தியானம் செய்யுங்கள் என்று சொல்வது நியாயமா? கூலி உயர்வுக்குப் பதிலாக அதைச் சொன்னால் நியாயமே இல்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கும் தியானம், வலி தருபவருக்கு வசதியாகிவிடும். ஆகவே இந்தப் பயிற்சி முதலில் தேவைப்படுவது அவர்களுக்கு அல்ல. அவர்கள் சுற்றிய பீடியில் எதைக் கழிப்பது என்று முடிவு செய்கிறவர்களுக்கும், அவர்கள் மனுவை வாங்கும் மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கும், மருத்துவமனைச் சீட்டுக் கொடுக்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கும்தான். மூச்சைக் கவனிக்கச் சில நிமிடம், அதன்பின் எதிரே நிற்பவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கச் சில நிமிடம். ஜெர்மனியில் பலன் தந்த பயிற்சியில் இந்த இரண்டாவது பாதியும் இருந்தது. இதற்குக் கட்டணமும் வேண்டாம், மலையேறவும் வேண்டாம். தென்காசியில் எந்த அலுவலகத்திலும் நாளைக்கே தொடங்கலாம்.