ஆங்கிலத்தின் சிறுசொற்கள் மூன்றும் மலையக மாணவரும்

ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர், கால வேறுபாடுகளை ஒருவாறு கற்றுத் தேறிய பின்னரும், ‘எ’, ‘அன்’, ‘த’ என்னும் மூன்று சிறுசொற்களிடத்து இடர்ப்படுவர். ஆங்கில இலக்கண நூலார் இவற்றை ஆட்டிக்கிள் என்பர். தமிழில் இவற்றுக்கு நேரான சொல் இன்மையே இடர்ப்பாட்டுக்குக் காரணமெனப் பொதுவாகக் கூறப்படும். அக்கூற்று முற்றும் பொருந்துவதன்று. சொல் இல்லையேயன்றிக் கருத்துத் தமிழிலும் உண்டு.

ஹற்றன், டிக்கோயாத் தோட்டங்களின் பேச்சை ஒத்த இரு வாக்கியங்களை நோக்குக. ‘அவள் கொழுந்து பறித்தாள்’ என்புழி எக்கொழுந்து என்னும் வினா எழுவதில்லை; பறித்தற்றொழிலே அங்குக் கருதப்படுவது. ‘கணக்கப்பிள்ளை கொழுந்தை நிறுத்தார்’ என்னும்போதோ, அவள் பறித்துக் கொணர்ந்த அக்கொழுந்து என்பது கேட்போர்க்கு விளங்கிவிடுகின்றது. ஆங்கிலேயர் ‘த’ என்னும் தனிச்சொல்லால் உணர்த்துவதை, அஃறிணைப் பெயர்களிடத்துத் தமிழர் பெரும்பாலும் ‘ஐ’ உருபினால் உணர்த்துவர். வரலாற்று முறையில் நோக்கினும், ‘த’ பழைய ஆங்கிலத்துச் சுட்டுச்சொல்லினின்றும், ‘அன்’ ஒன்று எனப் பொருள்படும் எண்ணுச்சொல்லினின்றும் பிறந்தவை. தொல்காப்பியர் சுட்டெனக் கூறிய அ, இ, உ என்பவற்றையும், உயிர்முன் ‘ஓர்’ எனவும் மெய்முன் ‘ஒரு’ எனவும் வரும் வழக்கையும் அறிந்த மாணவனுக்கு இவை அந்நியமானவை அல்ல.

ஒன்று மட்டும் கருதத்தக்கது. ஆங்கிலத்தில் ஒலியே நோக்கப்படும், எழுத்தன்று. ‘யூனியன்’ உயிரெழுத்தினால் எழுதப்படினும் யகர ஒலியுடன் தொடங்குதலின் ‘எ’ பெறும்; ‘ஒனஸ்ட்’ மெய்யெழுத்தினால் எழுதப்படினும் அம்மெய் ஒலியாமையின் ‘அன்’ பெறும்.

இனி, எப்பொழுது எதனை வழங்குவது? பேசுவோன் குறிக்கும் பொருள் இன்னதெனக் கேட்போன் அறிவானோ என்பதே வினா. ஒரு தோட்டத்திற்குப் பெரிய துரை ஒருவரே. ஆதலின் முதன்முறை கூறும்பொழுதும் அவருக்கு ‘த’ அமையும். கங்காணிமார் பலர், ஆதலின் முதலில் ‘எ’, அவரையே மீண்டும் கூறுங்கால் ‘த’. மாணவர் மிகுதியும் வழுவுமிடம் வேறொன்று. ‘என் தந்தை தொழிலாளி’ என்னும் தமிழ்த்தொடர் ‘ஒரு’ என்பதை வேண்டாது. ஆங்கிலமோ ‘எ’ இன்றி அமையாது. இதனைத் திருத்தப் புகுந்து, ‘ஒரு’ வருமிடந்தோறும் ‘வன்’ என எழுதுவோரும் உளர். அஃது எண்ணிக்கையை வற்புறுத்துமேயன்றி வேறன்று.

இவ்வாராய்ச்சி பரீட்சைப் புள்ளிகளுக்கு மட்டும் உரியதன்று. தோட்ட நிர்வாகக் கடிதங்கள் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. மனுவெழுதும் பொறுப்புப் படித்த பிள்ளையின் தலையில் விழுவதுண்டு. வேலைநாள்கள் மிகச் சிலவே கிடைத்தன என முறையிடக் கருதுவோன் ‘பியூ டேய்ஸ்’ என்றே எழுதல் வேண்டும். ‘எ பியூ டேய்ஸ்’ என்பானாயின், சில நாள்கள் கிடைக்கத்தான் செய்தன என்னும் பொருள் தோன்றி, முறையீடு தன் வாயாலேயே வலுவிழக்கும். மருந்துச்சாலையில் மருந்து இல்லையெனத்தக்க அளவிற்குக் குறைவு எனக் கூற ‘லிட்டில் மெடிசின்’; ‘எ லிட்டில்’ எனின் சிறிது உண்டு என்றாகும். ஓரெழுத்துச் சொல் பொருளைத் தலைகீழாக்கும் இவ்விடத்தை ஆசிரியர்கள் பத்து முறை பயிற்றினும் மிகையாகாது. லயத்து அறையொன்றின் கூரை ஒழுகுவதை அறிவிப்போனும் இவ்வாறே. எவ்வறையென முன்னர்க் கூறாது ‘த ரூம்’ என்பானாயின், எந்த அறை என்னும் வினாவே மறுமொழியாக வரும்.

பொருட்பெயர்கள் பொதுமையிற் சொல்லப்படுங்கால் எச்சொல்லும் பெறா. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையிற் பயிரிட்டது ‘டீ’. அத்தோட்டத்தில் விளைந்த தேயிலை எனச் சிறப்பிக்குங்கால் ‘த டீ’. இடப்பெயர்களில் வழக்கே பிரமாணம். மகாவலி, களனி முதலிய ஆறுகள் ‘த’ பெறும். பிதுருதலாகலை, நுவரெலியா, ஹற்றன் முதலியன பெறா. மத்திய மாகாணம் பெறும்.

படிக்கச் செல்லும் பிள்ளை ‘டு ஸ்கூல்’ செல்கின்றது. ஆசிரியரைக் காணச் செல்லும் தந்தை ‘டு த ஸ்கூல்’ செல்கின்றார். வழிபடச் செல்லும் கிறித்தவர் ‘டு சேர்ச்’ என்பர்; அதே கருத்தொடு கோவிலுக்குச் செல்லும் இந்துவோ, பொதுவழக்கில், ‘டு த டெம்பிள்’ என்றே கூறல் வேண்டும். ஆங்கிலேயர் தம் வாழ்வில் நாடோறும் பழகிய நிலையங்களுக்கே அச்சுட்டை நீக்கினர் போலும்.